ஒருமுறை குனியாமல்

வண்டி நிற்கவில்லை. அதுதான் தொல்லை.

நின்றிருந்தால் விதி இருந்தது. ரயில்வே கேட்டை மறித்துக்கொண்டு ஒரு சரக்கு வண்டி இருபது நிமிடத்துக்கு மேல் நின்றால், அந்த இடத்தில் வண்டியை அறுத்து, இரண்டாகப் பிரித்து, ஊருக்கு வழிவிட வேண்டும். அறுக்க நேரம் பிடிக்கும். மறுபடி கோர்க்க அதைவிட நேரம் பிடிக்கும். அதனால் நெடுவண்டிகள் நிற்பதில்லை. முன்னால் யார்டில் இடம் இல்லையென்றால் ஊர்ந்தன. சக்கரம் சுற்றுவதே தெரியாதபடி ஊர்ந்தன. ஊர்கிற வண்டி, ஓடுகிற வண்டி. விதி அதைத் தொடாது.

பொன்மாரி நடு இஞ்சினிலிருந்து இறங்கி, வண்டியின் ஓரமாகவே முன்னோக்கி நடந்தாள். சாதாரணமாக நடந்தாலே வண்டியை முந்திவிடலாம். நெடுவண்டியில் வேலை பார்க்கிறவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஊர்கிற நேரம் பார்த்து இறங்கி, அடுத்த கேட்வரை நடந்து, டீ குடித்து, முகம் கழுவிக்கொண்டு நிற்பார்கள். இஞ்சின் பின்னாலேயே வந்து சேரும். ஏறிக்கொள்வார்கள்.

அவ்வளவு நீள வண்டியில் அவள் ஒருத்திதான் ஆள். முகம் ஒரு தாலுகாவிலும் வால் இன்னொரு தாலுகாவிலும் இருக்கும். முன்னால் மழை பெய்யும்போது பின்னால் வெயில் அடிக்கும். மூன்று இஞ்சின்கள்: முன்னால் ஒன்று, நடுவில் ஒன்று, வாலில் ஒன்று. மூன்றையும் எங்கோ தொலைவில் ஒரு கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஓட்டினார்கள்.

முதல் இஞ்சினில் ஆள் இருந்தால், அந்த ஆளின் சம்மதம் இல்லாமல் வண்டியைத் தூரத்திலிருந்து நகர்த்தக் கூடாது என்று பழைய விதி ஒன்று இருந்தது. அதை நீக்குவது கஷ்டம். ஆளை நடுவில் வைப்பது சுலபம். நடுவில் இருப்பவர் ஓட்டுநர் அல்ல, உதவியாளர். காற்றுக்குழாய் கழன்றால் மாட்டுவார். கதவு திறந்திருந்தால் மூடுவார். அவருக்கு ஒரு சிவப்புப் பொத்தான் கொடுத்திருந்தார்கள். அது வண்டியை நிறுத்தாது. நிறுத்தச் சொல்லிக் கேட்கும்.

பொன்மாரி அதை ஒருமுறை அழுத்தியிருக்கிறாள், வண்டிக்கு அடியில் புகுந்துவிட்ட ஒரு கன்றுக்குட்டிக்காக. வண்டி நிற்கவில்லை. எச்சரிக்கை வந்தது. மனித உயிர் அல்லாத ஒன்றுக்காகப் பொத்தானை அழுத்தினாள் என்று. இன்னொரு எச்சரிக்கை வந்தால் வேலை இல்லை. இந்த வேலைக்கு வர அவள் மூன்று முறை பரீட்சை எழுதியிருந்தாள்.

மூணூரணி கேட்டை நெருங்கும்போது மேளச் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

கேட்டின் தெற்குப் பக்கம் ஒரு பாடை நின்றது. நான்கு பேர் தோளில். செவந்திப் பூ வாடியிருந்தது. மேளக்காரர்கள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பீடி குடித்தார்கள். சங்கு ஊதுகிறவர் சங்கை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். கேட்டுக்கு அருகே சுரங்கப்பாதை ஒன்று இருந்தது. முந்தின நாள் மழையில் அதில் கழுத்தளவு தண்ணீர். மயானம் வடக்குப் பக்கம்.

உயிரோடு இருக்கிறவர்கள் கடந்துகொண்டுதான் இருந்தார்கள். இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஏறி, கொக்கியை மிதித்து, அந்தப் பக்கம் குதித்தார்கள். ஒருவர் சைக்கிளையே தூக்கிக் கொடுத்தார். சாக்குமூட்டைகள் போயின. ஒரு ஆட்டுக்குட்டி போனது. வண்டி நகர்ந்துகொண்டே இருந்தது.

பெரிய மீசைக்காரர் ஒருவர் பொன்மாரியின் சீருடையைப் பார்த்துவிட்டு வந்தார்.

"வாங்கம்மா, வாங்க. வண்டி டிரைவரா?"

"டிரைவர் இல்லண்ணே. உதவியாளர்."

"யாருக்கு உதவி?"

நின்றவர்கள் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு இல்லை.

"உச்சிப்பொழுதுக்கு எடுத்தோம்மா," என்றார் அவர். சுடலைமணி என்று பெயர் சொன்னார். செத்தவருக்கு மச்சினன். "எடுக்கும்போது தண்டவாளம் காலியாக் கெடந்துச்சு. தெருமுனை திரும்புறதுக்குள்ள இந்தச் சனியன் வந்துட்டு. மறியல் பண்ணலாம்னு பார்த்தா வண்டிக்கு மூஞ்சியவே காணோம். எதுக்கு முன்னால போய் உக்கார?"

"முன் இஞ்சின் ஜங்ஷன் பக்கம் போயிட்டுதுண்ணே. யார்டுல இடம் இல்ல."

"எப்ப இடம் கிடைக்கும்?"

"தெரியாது. ராத்திரி ஆகலாம்."

பாடை தூக்கியவர்கள் தோள் மாற்றினார்கள். புதிய நால்வர் அடியில் நுழைந்து வாங்கிக்கொண்டார்கள். யாரும் கீழே இறக்கவில்லை. இறக்கக் கூடாது. வாசல் தாண்டிய பாடையைத் திருப்பவும் கூடாது. பொன்மாரியின் ஊரிலும் அப்படித்தான்.

"குழி வெட்டினவன் போன் பண்ணிட்டே இருக்கான்," என்றார் சுடலைமணி. "தண்ணி ஊறுதாம். மேற்க வேற கருத்துட்டு வருது. இருட்டுறதுக்குள்ள மண்ணப் போடணும். நானும் சொல்லிப் பார்த்தேன். கொஞ்சம் சாய்ச்சு, பெட்டிக்கு நடுவுல கைமாத்தி விட்டா அந்தப் பக்கம் வாங்க ஆள் நிக்கு. ஊரே அப்படித்தானே போகுது வருது? இவ விடமாட்டேங்கா."

இவள் என்றது பாடைக்கு அருகே நின்றவளை. கையில் கொள்ளிச்சட்டி இருந்தது. செத்தவருக்கு ஒரே மகள். பெண்கள் மயானத்துக்கு வரக் கூடாது என்று காலையில் யாரோ சொன்னார்களாம். அவள் சட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்துவிட்டாளாம்.

"எங்கப்பா மூட்டை இல்ல மாமா," என்றாள்.

"மூட்டைன்னு யாரு சொன்னா, கோமதி? ஒரு நிமிஷம் சாய்க்கிறது..."

"சாய்க்கக் கூடாது."

அவள் பொன்மாரியைப் பார்த்தாள்.

"பால் ஊத்துறவரு எங்கப்பா. பேச்சிமுத்துன்னா இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். மாடு இங்க, பால் சொசைட்டி அங்க. காலையில ஒருக்கா, சாயந்திரம் ஒருக்கா. உங்க வண்டி நிக்காதுல்ல. கேனை அடியில உருட்டி விட்டுட்டு, குனிஞ்சு, தவழ்ந்து, அந்தப் பக்கம் போய் எடுத்துக்குவாரு. அப்படியே போய்ப் போய் முதுகு வளைஞ்சுட்டு. கடைசியில நிமிரவே மாட்டாரு." அவள் பாடையைப் பார்த்தாள். "நேத்து உசுரு போன பெறகு கட்டிக் கிடத்தினாங்க. அப்பதான் பாத்தேன். எங்கப்பா இவ்வளவு உசரம்னு எனக்கே தெரியாது."

பெட்டிகள் முனகிக்கொண்டு போயின.

"இன்னைக்கு ஒரு நாள் குனியாமப் போகட்டும்," என்றாள்.

பொன்மாரி இடுப்பிலிருந்த வாக்கிடாக்கியை எடுத்தாள்.

"கௌதமா."

"சொல்லுங்கக்கா. டீ ஆச்சா?" கட்டுப்பாட்டு அறையில் இந்தப் பாதை கௌதமன் பொறுப்பில் இருந்தது. அவனை அவள் நேரில் பார்த்ததில்லை. அவன் எப்போதும் எதையாவது மென்றுகொண்டே பேசுவான்.

"மூணூரணி கேட்டுல ஒரு சாவு நிக்குது. மதியத்துல இருந்து."

மெல்லும் சத்தம் நின்றது. "பாத்தேன்கா. கேட் கேமரால தெரியுது."

"நிறுத்து. இருபது நிமிஷம் நின்னா அறுத்திடலாம்."

"நிறுத்த வேண்டிய இடத்துல நான் இல்லக்கா. வண்டியை ஓட்டுற கம்ப்யூட்டர் அமைப்பு ஒத்துக்கணும். உயிருக்கு ஆபத்துன்னா ஒத்துக்கும். ஆம்புலன்ஸ்னா ஒத்துக்கும். நான் கேட்டுப் பாத்துட்டேன். அது ஆளை எண்ணுது. உடம்புல சூடு இருந்தாத்தான் அதுக்கு ஆள். பாடையில இருக்கிறவரு அதோட கணக்குலயே இல்ல."

"கணக்குல இல்லன்னா?"

"நாலு பேரு ஒரு பலகையைத் தூக்கிட்டு நிக்கிறாங்கன்னு காட்டுது."

சுடலைமணி வாக்கிடாக்கிக்குப் பக்கத்தில் குனிந்து கிசுகிசுத்தார். "நெஞ்சுவலின்னு சொல்லும்மா. நான் வேணா விழுந்து கெடக்கேன்."

"அண்ணனோட நாடித்துடிப்பும் இங்க தெரியுது," என்றான் கௌதமன். "என்னைவிட நல்லா இருக்காரு."

இந்த முறை சிரிப்பு நன்றாகவே வந்தது. மேளக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். கோமதி சிரிக்கவில்லை. கையை நீட்டினாள். பொன்மாரி வாக்கிடாக்கியை அவளிடம் கொடுத்தாள்.

"சார், எங்கப்பா உசுரோட தினமும் ரெண்டு தடவை அடியில புகுந்து போனாரே. அப்ப உங்க கேமரா எண்ணுச்சா?"

"எண்ணுச்சுங்க."

"சூடு இருந்துச்சுல்ல?"

"இருந்துச்சுங்க."

"அப்ப ஏன் நிக்கல?"

"ஓடுற வண்டிக்கு அடியில போறது குத்தம்னு எழுதிக்கும். அவ்வளவுதாங்க. நிக்காது."

அவள் வாக்கிடாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பாடைக்கு அருகே போய் நின்றாள்.

பொன்மாரி வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். வளைவில் நடு இஞ்சினின் மஞ்சள் மூக்கு தெரிந்தது. மெதுவாக வந்துகொண்டிருந்தது. கேட்டைத் தாண்டிவிட்டால் பிறகு வால்வரை இவள் கைக்கு எட்டுகிற எதுவும் இல்லை. இனி மறிக்கப்போவது அந்தப் பின்பாதிதான். முன்பாதியளவு நீளம்.

"அக்கா." கௌதமனின் குரல் மாறியிருந்தது. ஏதோ வாசிப்பதுபோல் பேசினான். "இந்தப் பேச்சு பதிவாகுது. உங்களுக்கு ஒரு பாதுகாப்பு அறிவுரை சொல்ல வேண்டியது என் கடமை. கேட்ல இருக்கிறவங்க கோபமா இருக்காங்க. வண்டியை அறுக்கச் சொல்லி உங்களை வற்புறுத்தலாம். நீங்க செய்யக் கூடாது. என்னென்ன செய்யக் கூடாதுன்னு வரிசையாச் சொல்றேன். கவனமாக் கேட்டுக்கங்க."

பொன்மாரிக்குப் புரியச் சற்று நேரம் ஆனது.

"சொல்லு," என்றாள். "மெதுவாச் சொல்லு. தெரியாமச் செஞ்சிடப் போறேன்."

"உங்க இஞ்சினுக்கு முன்னால இருக்கிற பெட்டி இருக்கே, அதோட காத்துக்குழாய்த் திருகை மூடவே கூடாது. அதை மூடினா முன்பாதி காத்து இறங்காம, பிரேக் பிடிக்காம அது பாட்டுக்குப் போயிடும். புரியுதா?"

"மூடக் கூடாது."

"உங்க இஞ்சின் பக்கத்துத் திருகை மறந்தும் திறந்து விட்டுடக் கூடாது."

"அது எப்பவும் திறந்துதானே இருக்கும்?"

"ஆமா. அப்படியே விட்டுடக் கூடாது. விட்டா, குழாய் பிரிஞ்சதும் காத்து இறங்கி பின்பாதி முழுக்க பிரேக் பிடிச்சிடும். வால் இஞ்சினும் தானா அடங்கிடும்."

"சரி."

"கொக்கியோட பக்கவாட்டுக் கைப்பிடியைத் தூக்கக் கூடாது. கொக்கி இழுப்புல இருக்கும்போது தூக்கினாலும் வராது. ஆனா முன்னால நான் லேசா பிரேக் போட்டா நடுவுல கொக்கி தளரும். அந்த நேரம் ரொம்ப ஆபத்து. கை தானா தூக்கிடும்."

"நீ எப்ப பிரேக் போடுவ?"

"வேகத்தைச் சரிபண்ண அப்பப்ப போடுறதுதான். உங்க இஞ்சின் கேட்டுக்கு நாலஞ்சு பெட்டி தூரத்துல வரும்போது ஒருவேளை போடுவேன். அந்த நேரம் நீங்க அங்க நிக்கக் கூடாது. வெளிப்பக்கமா நிக்கிறதும், ரெண்டு பெட்டிக்கு நடுவுல உடம்பை நுழைக்காம இருக்கிறதும் அறவே கூடாது."

"உடம்பை நுழைக்காம இருக்கிறதும் கூடாதா?"

"கூடவே கூடாது," என்றான் கௌதமன். "அக்கா, ஜாக்கிரதை."

அவள் வாக்கிடாக்கியை இடுப்பில் செருகினாள். சுடலைமணியைப் பார்த்தாள்.

"ஆளுங்களைத் தள்ளி நிக்கச் சொல்லுங்கண்ணே. இனிமே யாரும் பெட்டிக்கு நடுவுல ஏறக் கூடாது. ஒருத்தரும்."

"என்னம்மா பண்ணப் போற?"

"செய்யக் கூடாததை."

அவர் மேளக்காரர்களைப் பார்த்துக் கத்தினார். "எந்திரிங்கலே!"

அவள் இஞ்சினை நோக்கி நடந்தாள். அதைச் சந்தித்ததும் திரும்பி, அதனோடு சேர்ந்து நடந்தாள். கேட் நெருங்கியது. பயம் இருந்தது. பரீட்சை முடிவு பார்க்கப் போனபோது இருந்த பயம் மாதிரி. அவள் வெளிப்பக்கமாகக் கை நீட்டி முன்பெட்டியின் திருகை மூடினாள். இஞ்சின் பக்கத்துத் திருகைத் தொடவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். இரும்பு விறைத்துக் கிடந்தது.

முன்னாலிருந்து ஒரு சத்தம் ஓடிவந்தது. பெட்டி பெட்டியாக, இடித்து, இடித்து. கையில் இருந்த இரும்பு தளர்ந்தது.

தூக்கினாள்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பெட்டி முன்னால் போனது. இஞ்சின் கூடவே போவதுபோல் இருந்தது. பிறகு இரண்டுக்கும் நடுவில் ஒரு கை அகல வெளிச்சம் விழுந்தது. குழாய் நீண்டு, விறைத்து, பட்டென்று பிரிந்தது. காற்று சீறியது. அவளுக்குப் பின்னால் இடிச்சத்தம் தொடங்கி, வால்வரை ஓடித் தேய்ந்தது. இஞ்சின் நின்றது.

முன்பாதி நிற்கவில்லை. தன் பின்பாதி இல்லாமலே ஊர்ந்தது. நாலைந்து பெட்டிகள் கேட்டைக் கடந்தன. கடைசிப் பெட்டிக்குப் பின்னால் மயானத்தின் கருவேல மரங்கள் தெரிந்தன.

கேட்டின் தடுப்புக்கட்டைகள் மட்டும் இறங்கியே கிடந்தன. நான்கு வாலிபர்கள் ஓடிப்போய்த் தூக்கிப் பார்த்தார்கள். அசையவில்லை. அடியில் குனிந்து போகலாம். பாடை தூக்கியவர்கள் கோமதியைப் பார்த்தார்கள். அவள் நின்ற இடத்திலேயே நின்றாள்.

"கௌதமா, கேட்டைத் திற."

"கேட் என் கையில இல்லக்கா!" அவன் இப்போது வாசிக்கவில்லை. "இருங்க. இங்க என்னமோ வருது. வண்டி ரெண்டாப் பதிவாகுது. அக்கா, உடனே உங்க இஞ்சின்ல ஏறுங்க."

அவள் ஏறினாள். ஒருநாளும் எரியாத திரை ஒன்று எரிந்தது. அமைப்பின் குரல் பேசியது. மரியாதையான குரல்.

"புதிய வண்டி பதிவாகிறது. முதல் இஞ்சினில் ஒரு நபர் இருக்கிறார். ஓட்டுநரின் பெயர்?"

அவள் திரையைப் பார்த்தாள். இந்த இஞ்சினுக்கு முன்னால் இப்போது எதுவும் இல்லை. தண்டவாளம் மட்டும். ஆளை நடுவில் வைத்தார்கள். நடு இப்போது முதலாகிவிட்டது.

"பொன்மாரி," என்றாள்.

"ஓட்டுநர் பொன்மாரி, வண்டி நிற்கிறது. கேட்டைத் திறக்கலாமா?"

"திற."

தடுப்புக்கட்டைகள் எழுந்தன. நேராக, வானத்தைப் பார்த்து நின்றன.

சங்கு ஊதினார்கள். மேளம் எடுத்த எடுப்பிலேயே உச்சத்தில் இருந்தது. சுடலைமணி எல்லோருக்கும் முன்னால் ஆடிக்கொண்டு போனார். கோமதி சட்டியோடு நடந்தாள். பின்னால் பாடை வந்தது. தூக்கியவர்கள் முழங்கையை மடக்காமல், தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அப்படித் தூக்கத் தேவையில்லை. தூக்கினார்கள். பேச்சிமுத்து நீளமாக, நேராகப் படுத்தபடி தண்டவாளத்தைக் கடந்தார்.

"கேட் காலியாக உள்ளது," என்றது குரல். "வண்டியை நகர்த்த உங்கள் சம்மதம் தேவை. நகர்த்தலாமா?"

"இல்லை."

"காரணம்?"

"போனவங்க திரும்பி வரணும்."

"எத்தனை பேர்?"

பொன்மாரி யோசித்தாள். "உன் கணக்குல எத்தனை பேரு போனாங்களோ, அத்தனை பேரும் வருவாங்க."

தூறல் விழுந்தது. வடக்கே மண் தள்ளும் சத்தம் கேட்பதுபோல் இருந்தது. கேட்டின் வழியாக ஊர் போய்வந்துகொண்டிருந்தது. கூடையோடு ஒரு பெண் வந்தாள். தண்டவாளத்தை நெருங்கியதும் பழக்கத்தில் குனிந்தாள். இரண்டடி அப்படியே நடந்தாள். பிறகு மேலே ஒன்றும் இல்லை என்று கண்டு நிமிர்ந்து, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தாள். பொன்மாரியைப் பார்த்துவிட்டு வெட்கத்தோடு சிரித்தாள்.

"நகர்த்தலாமா?"

"இல்லை."

வாக்கிடாக்கி கரகரத்தது.

"அக்கா. மேலதிகாரிங்க ரெண்டு பேர் என் நாற்காலிக்குப் பின்னால நிக்கிறாங்க. விதியைப் புரட்டிப் புரட்டிப் பாக்குறாங்க. நீங்க சம்மதிக்காம இந்த வண்டியை நகர்த்த வழியே இல்லையாம்."

"என் வேலை?"

"போகும்னுதான் நினைக்கிறேன்."

"உன் வேலை?"

"நான் பாதுகாப்பு அறிவுரைதானே சொன்னேன்? கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்! எல்லாம் பதிவுல இருக்கு." மறுபடி எதையோ மெல்ல ஆரம்பித்திருந்தான். "இன்னொரு விஷயம்கா. நாம பேசினது பொது அலைவரிசை. உங்களுக்குப் பின்னால இந்தப் பாதையில வரிசையா நெடுவண்டி ஊர்ந்துட்டு இருக்குல்ல? ஒவ்வொண்ணும் ஏதோ ஒரு ஊர் கேட்டை அடைச்சுட்டு. அந்த நடு இஞ்சின்ல இருக்கிறவங்க எல்லாரும் கேட்டிருக்காங்க."

"அதுக்கு?"

"ஒவ்வொருத்தரா லைனுக்கு வராங்க. எங்க கேட்லயும் ஆளுங்க கோபமா இருக்காங்க, வற்புறுத்துறாங்க, என்னென்ன செய்யக் கூடாதுன்னு எங்களுக்கும் சொல்லுங்கன்னு கேக்கிறாங்க."

"நீ என்ன சொன்ன?"

"பாதுகாப்பு அறிவுரை கேட்டா மறுக்கக் கூடாதுக்கா," என்றான் கௌதமன். "அதுவும் விதிதான்."